நுமாயிஷ் ஜகதீசன்

ஏ.எஸ்.ராவ் நகரில் ஜகதீசன் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு ஜகதீசனைக் காட்டுவார்கள். நுமாயிஷ் ஜகதீசன் என்று கேட்டுப் பாருங்கள், முனையில் இளநீர் விற்கிறவர்கூடக் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார். மூன்றாவது மாடி. பால்கனியில் துணி காயப்போட இடமில்லாமல் ஒரு மடக்கு ஏணியும், இழுத்தால் நீளும் துடைப்பங்களும் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்குமே, அதுதான். போன மாசி வரை அப்படித்தான் இருந்தது.

நுமாயிஷ் என்பது ஜனவரி பிறந்ததும் நாம்பள்ளி மைதானத்தில் கூடும் பொருட்காட்சி. காஷ்மீர் சால்வை, லக்னோ குர்தா, ராட்டினம், மிர்ச்சி பஜ்ஜி என்று சகலமும் உண்டு. ஜகதீசன் கண்ணில் இதெல்லாம் படாது. அவருடைய கால்கள் நேராகப் போய் நிற்கும் இடம் ‘டெமோ’ காட்டுகிறவர்கள் முன்னால். ஒருவர் ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, கழுத்தில் மைக்கைத் தொங்கவிட்டு, “தேகோ அம்மா, தேகோ பாய்! ஹாத் நை கட்தா, டைம் நை ஜாதா!” என்று பாடுவார். பாருங்கள், கை வெட்டாதாம், நேரமும் ஆகாதாம். பாடிக்கொண்டே கேரட்டை ஒரு சின்ன மெஷினில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். கேரட் ரோஜாப்பூவாக விரியும். கூட்டம் ‘அடடா’ என்னும். அந்த அடடாவில் ஜகதீசனுடைய குரல் மட்டும் தனியாகக் கேட்கும், அவ்வளவு உருக்கம்.

வீட்டுக்கு வந்து அதே கேரட்டை அதே மெஷினில் வைத்துச் சுற்றுவார். இரண்டாக ஒடியும். வேறொன்றை எடுத்து இன்னும் பதமாக, இன்னும் மெதுவாகச் சுற்றுவார். விரல் வெட்டிக்கொள்ளும். “மெஷின் நல்ல மெஷின்தான், கேரட் சரியில்லை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அதைப் பெட்டிக்குள் வைத்துப் பரண்மேல் ஏற்றுவார். அடுத்த ஜனவரியில் கரண்ட் இல்லாமல் ஜூஸ் பிழியும் யந்திரம் வந்திருக்கும். அதற்கு அடுத்த ஜனவரியில் பொத்தானை அமுக்கினால் தானே ஊசியில் நூல் கோக்கும் கருவி. தேங்காய்த் துருவி, முறுக்குத் துப்பாக்கி, முதுகு பிடித்துவிடும் மசாஜ் உருளை, மடக்கினால் கைப்பைக்குள் போகும் மேஜை. அந்த மேஜையை ஒரு தடவை விரித்தார். மறுபடி மடக்க வரவில்லை. அது கடைசிவரை கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டுதான் நின்றது.

இந்த மனிதர் பிழைப்புக்கு என்ன செய்தார் என்று தெரிந்தால் சிரிப்பீர்கள். இதே பேட்டையில் இருக்கும் அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு. சர்க்யூட் போர்டு ஒன்றை அவ்வளவு லேசில் பாஸ் பண்ணமாட்டார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்து, “சால்டர் பத்தவைப்பு சரியில்லை, எடுத்துட்டுப் போ” என்பார். புதுப் பையன்கள் அவர் மேஜைப் பக்கம் வரவே பயப்படுவார்கள். ஆபீஸில் எதையும் ஏற்காதவர் மைதானத்தில் எதையும் மறுக்கமாட்டார். மனுஷ மனசுக்கும் எங்கேயாவது ஒரு ஜன்னல் வேண்டாமா?

அந்த ஜன்னல் திறந்த கதையும் உண்டு. விழுப்புரத்திலிருந்து டிப்ளமாவும் ஒரு பெட்டியுமாக ஹைதராபாத்துக்கு வந்திறங்கியபோது அவருக்குத் தெலுங்கும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. பஸ்ஸில் சில்லறை கேட்டால்கூடத் திட்டுகிறார்களோ என்று நினைத்துக்கொள்வார். அந்த முதல் ஜனவரியில் வேடிக்கை பார்க்கப் போனவரை, ஸ்டூல் மேல் நின்ற ஒருவர் “ஆவோ ஸாப்!” என்று கூப்பிட்டு, கையைப் பிடித்து முன்னால் நிறுத்தி, அவர் கையில் ஒரு வெங்காயத்தையும் கொடுத்துவிட்டார். அந்த ஊரில் முதன்முதலாக அவரை ஒருவர் கூப்பிட்டுக் கை கொடுத்தது அன்றைக்குத்தான். ஹாஸ்டலில் சாப்பாடு, சமைக்க அடுப்புகூட இல்லை. வெங்காயம் நறுக்கும் யந்திரத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

மனைவி மங்கையர்க்கரசி செகந்திராபாத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தவர். காலையில் டிபன் டப்பாவோடு ஓடி, இருட்டின பிறகு வீடு திரும்பி, சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தால் பரணில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? நுமாயிஷுக்குக் கூடப் போவார்தான். ஆனால் டெமோ கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஐஸ்கிரீமை முடித்துவிட்டு, “ஆச்சா?” என்று மட்டும் கேட்பார். மகள் அஸ்வினி கல்யாணமாகி மாதாப்பூர் போனதும் அவள் அறை காலியாயிற்று. ஜகதீசன் அதை ஒரு வாரம்கூடக் காலியாக விட்டுவைக்கவில்லை.

போன டிசம்பரில் மங்கையர்க்கரசி ரிட்டயர் ஆனார். ஜனவரியில் முதல் தடவையாகத் தன் வீட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார். மாசியில் வாயைத் திறந்தார்.

“ஏங்க, அஸ்வினி ரூம் எனக்கு வேணும்.”

“தாராளமா எடுத்துக்கோ மங்கை. பூஜை ரூமா? தையல் மெஷின் போடப் போறியா? மடக்கு மேஜை ஒண்ணு இருக்கு, அதை வேணும்னா...”

“ஒண்ணும் போடப் போறதில்லை. காலியா வேணும்.”

“காலியா வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?”

“பாய் விரிச்சுப் படுப்பேன். சுவரைப் பாப்பேன்.”

எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்றை இவள் கேட்கிறாள் என்பது ஜகதீசனுக்கு உறைக்கவே சற்று நேரமாயிற்று. உறைத்ததும், பாய் விரிக்கும் அளவுக்கு இடம் பண்ணிவிடலாம் என்று அடியிலிருந்த ஒரு பெட்டியை இழுத்தார். மொத்தக் குவியலும் சரிந்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எந்தப் பெட்டியிலோ இருந்த மசாஜ் உருளையின் பொத்தான் அமுங்கி, குவியலுக்கு அடியில் ‘ர்ர்ர்ர்’ என்று ஆரம்பித்தது. பாட்டரி எப்போது போட்டார், அது எப்படி இன்னும் உயிரோடு இருந்தது என்பதெல்லாம் கடவுளுக்கே வெளிச்சம். தேடத்தேட சத்தம் வேறொரு மூலையிலிருந்து வந்தது. ஒரு பகல் முழுக்க அறையே குளிர் ஜுரம் கண்டதுபோல நடுங்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு பத்மஜா இரண்டு தடவை போன் பண்ணி, மேலே மாவு மில் வைத்திருக்கிறீர்களா என்று விசாரித்தார்.

சாயங்காலம் மங்கையர்க்கரசி பையில் நாலு புடவையை அடைத்துக்கொண்டார். கோபமாகப் பேசியிருந்தால் ஜகதீசன் சமாளித்திருப்பார். அவர் கோபப்படவேயில்லை.

“நான் அஸ்வினி வீட்டுக்குப் போறேங்க. இந்த ரூம் காலியானதும் ஒரு போன் பண்ணுங்க, வரேன். ஆகலேன்னா அங்கேயே இருந்துக்கறேன். உங்களுக்கும் கைகால் நீட்ட இடமாகும்.”

மறுநாள் ஜகதீசன் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளரில் காபி ஊற்றினார். இரண்டையும் தானே குடித்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. வீடு முழுக்க எத்தனை சாமான், எதனோடும் ‘இந்த மழை வருமா வராதா’ என்று இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. அஸ்வினி போனில் கூப்பிட்டு, “அப்பா, அம்மா எங்க ஹால்ல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு நடந்துக்கிட்டே இருக்காங்கப்பா. என்னம்மா வேணும்னு கேட்டா, ஒண்ணும் வேணாம், இடம் இருக்கு, நடக்கறேங்கறாங்க. நல்லா சிரிச்சுக்கிட்டு இருக்காங்க” என்றாள். நல்லா சிரிக்கிறாள் என்றதும் ஜகதீசன், அவள் திரும்பி வராமலே போய்விடுவாளோ என்று அப்போதுதான் நிஜமாகவே பயந்தார்.

உடனே வேட்டியை மடித்துக் கட்டினார். அத்தனை சாமான்களையும் லிப்டில் ஏற்றி ஏற்றிக் கீழே கொண்டுபோய், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கினார். ‘இலவசம், எடுத்துக்கொள்ளவும்’ என்று தெலுங்கிலும் தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி ஒட்டினார். சாயங்காலம் வந்து பார்த்தால் ஒரு ஸ்பூன்கூடக் குறையவில்லை. கூடியிருந்தது! கால் போன நாற்காலி ஒன்றும், மீன் இல்லாத மீன்தொட்டி ஒன்றும், யாரோ ஒரு புண்ணியவானின் பழைய கம்ப்யூட்டரும் சேர்ந்திருந்தன. இலவசம் என்ற சொல்லை ஊர் இப்படியும் புரிந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரியாது.

அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் தேவசகாயம் வந்து நின்றார். மல்லாபூரில் ஒரு பாக்டரியில் ஷிப்ட் இன்சார்ஜ், சொந்த ஊர் நாகர்கோவில். “ஸார், நீங்க செய்யது கொஞ்சமும் சரியில்ல பாத்துக்கிடுங்க. இது என்ன, குப்பை போடுக இடமா? ராத்திரிக்குள்ள எல்லாத்தையும் மேல கொண்டு போயிரணும்.”

ஜகதீசனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து பத்மஜா காய்கறிப் பையோடு உள்ளே நுழைந்தார். குவியலைப் பார்த்துவிட்டு, “இதேன்டி அங்குல்? என்ன இது எல்லாம்? எதுக்கு ஆகும்?” என்று பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் கேட்டார்.

எதுக்கு ஆகும் என்று அந்தச் சாமான்களைப் பற்றி ஜகதீசனிடம் யாருமே அதுவரை கேட்டதில்லை. “ஒரு கேரட் குடும்மா” என்றார். மெஷினில் வைத்தார். பத்மஜா பார்க்கிறார், தேவசகாயம் பார்க்கிறார், வாட்ச்மேன் பார்க்கிறார். ஜகதீசன் வாயைத் திறந்ததும் எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் ஒரு குரல் வந்தது.

“தேகோ அம்மா, தேகோ பாய்! ஹாத் நை கட்தா, டைம் நை ஜாதா!”

கை சுழன்றது. கேரட் விரிந்தது. ரோஜாப்பூ! அசல் ரோஜாப்பூ! பத்மஜா ‘அய்யய்யோ’ என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். எல்லோரையும்விட அதிகமாக வாயைப் பிளந்தது ஜகதீசன்தான். அப்போதுதான் சூட்சுமம் பிடிபட்டது. இத்தனை வருஷமும் வீட்டில் சத்தம் போடாமல், பூதக்கண்ணாடிக்காரரின் பொறுமையோடு மெதுவாகச் சுற்றியதால்தான் ஒடிந்தது. கத்திக்கொண்டே சுற்றினால் கை யோசிக்க நேரமில்லாமல் ஒரே வேகத்தில் போகிறது. அந்தப் பாட்டு விளம்பரமே இல்லை, மெஷினின் ஒரு பாகம்! அதை மட்டும் யாரும் பெட்டிக்குள் வைத்துத் தரவில்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஸ்டூல் ஒன்று வந்தது. மாடிகளிலிருந்து வெங்காயம் வந்தது, ஆரஞ்சு வந்தது, தேங்காய் வந்தது. சின்னப் பிள்ளைகள் மீன்தொட்டிமேல் ஏறி நின்றார்கள். ஜகதீசன் ஊசியில் நூல் கோத்தார், கரண்டில்லாமல் ஜூஸ் பிழிந்தார், நீளும் துடைப்பத்தால் மேல்மாடி ஒட்டடையைத் தரையில் நின்றபடி எடுத்தார். இலவசம் என்று எழுதியிருந்தபோது ஏறிட்டும் பாராத ஜனம் இப்போது அடித்துப் பிடித்துக்கொண்டது. “ஒண்ணுதான் இருக்கு அம்மா! நக்கோன்னா, வேணாம்னா, அடுத்தவங்களுக்குக் குடுத்துருவேன்!” என்று அவர் கத்த, நாலாவது மாடி சபீனா எகிறிக் குதித்து ஜூஸ் யந்திரத்தைப் பறித்துக்கொண்டாள். தேவசகாயம் மடக்கு ஏணியைத் தோளில் சாத்திக்கொண்டு, மசாஜ் உருளையைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு நழுவினார். இருட்டுவதற்குள் இடம் சுத்தம். மீன்தொட்டிகூடப் போய்விட்டது.

ஜகதீசன் மூச்சிரைக்க மாதாப்பூருக்குப் போன் பண்ணினார். “மங்கை, ரூம் காலி.”

“நாளைக்கு சாயங்காலம் வரேன்” என்றார் மங்கையர்க்கரசி.

விடிந்ததும் காலிங் பெல் அடித்தது. கட்டுப் போட்ட விரலோடு பத்மஜா. கையில் பூ மெஷின். “அங்குல், இது கோளாறு. உங்க கிட்டயே இருக்கட்டும்.” அவர் பின்னால் சபீனா: “சார், இதுல ஜூஸ் வரலை, ஆரஞ்சுதான் எகிறி ஓடுது.” அவளுக்குப் பின்னால் தேவசகாயம், விரித்தபடியே இருக்கும் ஏணியைப் படிக்கட்டில் ஏற்றத் தெரியாமல் ஏற்றிக்கொண்டு. மதியத்துக்குள் வாசலில் பழைய குவியல் முக்கால்வாசி மறுபடி முளைத்துவிட்டது. ஜகதீசன் பூ மெஷினைக் கையில் வாங்கினார். உள்ளங்கையில் அது எவ்வளவு பாந்தமாக உட்கார்ந்தது! இதை ஒன்றை மட்டும் கதவுக்குப் பின்னால் வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? காலி அறையின் கதவைத் திறக்கவும் திறந்தார். உள்ளே தரை பளபளவென்று இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவள் மெட்ரோ ஏறிவிடுவாள்.

கதவைச் சாத்திவிட்டு, தொழிற்சாலையில் பேசிய அந்தப் பழைய குரலில் சொன்னார்: “ஒண்ணையும் திருப்பி எடுக்கமாட்டேன். மெஷின் எல்லாம் பாஸ். நீங்கதான் பெயில். வாங்க, வீட்டுக்கே வந்து சரி பண்ணித் தரேன்.”

அவரவர் சாமானை அவரவரே தூக்கிக்கொள்ள, முதலில் பத்மஜாவின் சமையலறை. “மெதுவா சுத்தாதீங்கம்மா. கத்துங்க.”

“நானா? எதுக்கு அங்குல்?”

“கத்தினாத்தான் சுத்தும். சொல்லுங்க, தேகோ அம்மா!”

பத்மஜா வெட்கப்பட்டுக்கொண்டு முனகினார். கேரட் ஒடிந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். பாதிப் பூ வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், பூ முழுசாக வந்து விழுந்தது. அங்கிருந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. முறுக்குத் துப்பாக்கிக்கு ஒரு பாட்டு, தேங்காய்த் துருவிக்கு ஒரு பாட்டு. கற்றுக்கொண்டவர்கள் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அவர் பின்னாலேயே அடுத்த வீட்டுக்கு வந்தார்கள். சபீனா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ஊர்வலமாகிவிட்டிருந்தது. சபீனா வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். மைக்கை அணைக்க மறந்து “தேகோ பாய்!” என்று முழங்கிவிட, அவளுடைய மேனேஜர் அந்தப் பக்கத்திலிருந்து, அது என்ன, எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம்.

ஜகதீசன் சபீனாவின் சமையலறை மேடை ஓரம் நின்றுகொண்டு, எல்லோரும் கேட்டார்களே என்பதற்காகக் கடைசியாக ஒரு பூ போட்டார். அறுபது வயசுக்கு மேல் தொண்டை இப்படித் திறக்கும் என்று அவர் நினைத்ததேயில்லை. சந்தோஷம் தலைக்கேறிக் கிறுகிறுத்தது. பூவை உயரத் தூக்கி, “யாருக்கு வேணும்? யாருக்கு?” என்றார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அந்த வளையலை அவருக்குத் தெரியும்.

“எனக்கு” என்றார் மங்கையர்க்கரசி. தோளில் பை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. திறந்து கிடந்த வீட்டையும் காலி அறையையும் பார்த்துவிட்டு, ஆளைக் காணோமே என்று சத்தம் வந்த திசையில் ஏறி வந்திருக்கிறார். எப்போதிருந்து நிற்கிறாரோ, வாய் இன்னும் பாதி திறந்திருந்தது.

ஜகதீசன் பாட்டை நிறுத்திவிட்டு மெஷினை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எல்லோரும் இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“ஏன் நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே இருந்துச்சு” என்றார் மங்கையர்க்கரசி. பூவை வாங்கிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெல்ல, “அந்த மெஷின் ஒண்ணு குடுங்களேன், பாக்கலாம்” என்றார்.

ஜகதீசன் மெஷினைச் சட்டென்று பத்மஜா கையில் திணித்தார். “அதெல்லாம் முடியாது. பூ மட்டும்தான்.”

மங்கையர்க்கரசி சிரித்த சிரிப்பில் தோள்பை நழுவிக் கீழே விழுந்தது. பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்து இத்தனை ஜனவரிகளை ஐஸ்கிரீமோடு தின்று வீணாக்கிவிட்டேனே என்று அவர் சொன்னது ஜகதீசனுக்கு மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வந்து பாயை விரித்தார்கள். மங்கையர்க்கரசி நடுவில் படுத்து, பெருமூச்சு விட்டு, சுவரைப் பார்த்தார். ஜகதீசன் வாசற்படியில் நின்றார்.

“வாங்களேன். இடம்தான் இருக்கே.”

அவர் பாயின் ஓரத்தில் விறைப்பாகப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “இப்ப என்ன பண்றது மங்கை?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம்.” சற்றுக் கழித்து, “உருளலாமா?” என்றார்.

“என்னது?”

மங்கையர்க்கரசி பாயைவிட்டுப் புரண்டு, புடவையோடு அந்தச் சுவர்வரை உருண்டு போய் முட்டி நின்றார். ஜகதீசனும் உருண்டார். அவர் போய்ச் சேர்வதற்குள் மங்கையர்க்கரசி திரும்பி உருண்டு வந்துகொண்டிருந்தார். நடுவில் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். வலித்தது. அதற்கும் சிரித்தார்கள். எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கிடந்து சிரித்தார்கள்.

போன் அடித்தது. கீழ்வீட்டு பத்மஜா. “அங்குல், மேலே என்னவோ தொம்முனு விழுந்துச்சே? மறுபடி எதாச்சும் வாங்கிட்டீங்களா?”

“ஒண்ணும் வாங்கலேம்மா” என்றார் ஜகதீசன், மூச்சு வாங்கியபடி. “விழுந்தது நாங்கதான்.”